மாலரின் முதல் சிம்பொனியை மலையில் கேட்பது எப்படி

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மேற்கத்திய சிம்பொனி கேட்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. பலரும் அதை வசதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் மின்விசிறி ஓடுவதில்லை.

கோவையிலோ மதுரையிலோ ஓர் அறையில் விசிறி நடுத்தர வேகத்தில் சுற்றினால் அதன் இரைச்சல் மட்டும் சுமார் 45 டெசிபல் வரும். மலையில் இரவு பத்து மணிக்கு மேல் கதவு சன்னலைச் சாத்திவிட்டால் அறையில் எஞ்சுவது சுமார் 30 டெசிபல். நடுவில் கிடக்கும் இந்தப் பதினைந்து டெசிபலுக்குள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து சிம்பொனிகளின் மிக அழகான பக்கங்கள் பல அடங்கிக் கிடக்கின்றன. விசிறி சுற்றும் அறையில் அவை இசைத்தட்டில் இருந்தும் காதுக்கு வந்து சேருவதில்லை.

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதிலிருந்து, 'எங்கே தொடங்கலாம், எதைக் கேட்கலாம்' என்று என்னிடம் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பத்துப் பெயர் கொண்ட பட்டியல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு சிம்பொனி, அதற்கு ஒரு நல்ல ஒலிப்பதிவு, ஒரு அமைதியான இரவு. இவை போதும். சிம்பொனியாக நான் சொல்வது இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் முதல் சிம்பொனி. மலையில் வாழ்கிறவர்களின் காதுக்கு அது சீக்கிரம் வசப்படும். தூரத்து ஒலியையும் பக்கத்து ஒலியையும் வைத்தே கட்டப்பட்ட இசை அது. நாம் நாள் முழுதும் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து வரும் ஒலிகளைக் கேட்டுப் பழகியவர்கள். ஓர் ஒலிப்பதிவு உயர்தரமானதா என்று நான் பார்ப்பதும் இதை வைத்துத்தான்: அது தூரத்தைக் காட்டுகிறதா?

முதலில் காலத்தைப் பற்றிக் கொஞ்சம். பிராம்ஸ், புரூக்னர், சைக்காவ்ஸ்கி, த்வோர்ஷாக், மாலர் ஆகியோர் எழுதிய, ஏறத்தாழ 1870 முதல் 1910 வரையிலான சிம்பொனிகளைப் பிற்கால ரொமாண்டிக் சிம்பொனிகள் என்பார்கள். அதற்கு நூறு ஆண்டுகள் முன்பு, எஸ்டர்ஹாசி பிரபுவின் அரண்மனையில் இசையமைப்பாளர் ஹைடன் வேலை பார்த்தபோது அவரிடம் இருந்த வாசிப்பாளர்கள் சுமார் 25 பேர். மாலரின் முதல் சிம்பொனிக்குச் சுமார் 100 பேர் வேண்டும். ஹார்ன் மட்டும் ஏழு. ஆள் கூடியது ஒரு பக்கம் இருக்க, கருவிகளும் மாறியிருந்தன. ஹார்னுக்கும் டிரம்பெட்டுக்கும் வால்வு பொருத்தும் முறைக்கு 1818இல் ஜெர்மனியில் காப்புரிமை பெறப்பட்டது. அதுவரை அந்தக் குழல்களால் சில சுரங்களை மட்டுமே இயல்பாக ஊத முடிந்தது. பிறகு எல்லாச் சுரமும் கைக்கு வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்து அவ்வப்போது முழங்கிவந்த பித்தளைக் கருவிகள், வயலின்களைப் போலவே பாடத் தொடங்கின.

அரங்கங்களும் அதே காலத்தில்தான் எழுந்தன. வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் 1870இல் திறக்கப்பட்டது, ஆம்ஸ்டர்டாமின் கொன்செர்ட்கெபௌ 1888இல். இந்த அரங்கங்களில் ஆர்கெஸ்ட்ரா சட்டென்று நிறுத்தினாலும் ஒலி சுமார் இரண்டு விநாடி தங்கி, பிறகே மறையும். அந்த இரண்டு விநாடியையும் கணக்கில் வைத்து எழுதியவர்கள் இந்த இசையமைப்பாளர்கள். ஆகவே இவர்களின் சிம்பொனியைப் பதிவு செய்கிறவர் நூறு பேரைப் பதிவு செய்தால் போதாது, அவர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். திரைப்பாடல் பதிவில் பழகிய காதுக்கு இது புதிது. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்திலேயே மைக் இருக்கும், எல்லாமே நம் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்.

மாலர் 1860இல் பொஹீமியாவில் பிறந்தவர். வளர்ந்தது இக்லாவ் என்ற ராணுவ முகாம் ஊரில். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. பாசறையின் எக்காளமும் அணிவகுப்பு பேண்டும் சிறுவயதிலேயே அவர் காதில் ஏறியவை. முதல் சிம்பொனியை 1888இல் எழுதி முடித்தார். 1889 நவம்பர் 20 அன்று புடாபெஸ்டில் அவரே நடத்தி அரங்கேற்றினார். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதலில் ஐந்து பகுதிகள் இருந்தன. ஒன்றை நீக்கிவிட்டு நான்காக்கினார். முழுதும் கேட்க 50 முதல் 55 நிமிடம் ஆகும்.

தொடக்கத்தில் நடப்பது இது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கின்றன. மேற்கத்தியர் 'ஏ' என்று அழைக்கும் அந்தச் சுரம், ஆர்கெஸ்ட்ரா எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து மிக உயர்ந்த ஸ்தாயி வரை ஒரே நேரத்தில், மிக மிக மெலிதாக நிற்கிறது. சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கச்சேரிக்குக் காத்திருக்கும் நமக்கு இதில் திகைப்பு எதுவும் வராது. இந்தச் சுரம் மூன்று நிமிடத்துக்கும் மேலாக நீங்காமல் நிற்கும். பொறுமையோடு அதற்குள் உட்கார வேண்டும்.

புடாபெஸ்ட் ஒத்திகையில் இதைக் கேட்ட மாலருக்குத் திருப்தியில்லை. ஒலி கனமாக, பருப்பொருளாக இருந்தது. அவர் மனத்தில் இருந்தது காற்றின் மினுமினுப்பு. அதனால் மேல் ஸ்தாயியில் வாசிக்கும் எல்லோரையும் தந்தியை அழுத்தாமல் விரல் நுனியால் லேசாகத் தொட்டு வாசிக்கச் சொன்னார். வயலின் கற்றவர்களுக்கு இந்த உத்தி தெரியும். சுரம் கண்ணாடி போல வெளிறிப்போகும், உடம்பு இருக்காது. டபுள் பாஸ்களில் ஒரு பிரிவை மட்டும் இதிலிருந்து விலக்கி, அந்த அடி 'ஏ' மிக மெலிதாக இருந்தாலும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். அந்தச் சுரத்தின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். கைபேசியின் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஆகவே கைபேசியில் இந்தத் தொடக்கத்தைக் கேட்டவர் மேலே மிதக்கும் மினுமினுப்பை மட்டும் கேட்டிருப்பார், அது எதன் மேல் மிதக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

அந்தச் சுருதிக்கு மேல் மரக்குழல்கள் இரண்டு சுரத்தை மெல்ல இறக்கி வைக்கின்றன. 'ஏ'யை ஷட்ஜமாகக் கொண்டால், ஷட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு ஓர் இறக்கம். ச, ப. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஐம்பத்தைந்து நிமிடமும் காட்டில் வழி தவறாமல் நடக்க இது ஒன்று போதும். கொஞ்ச நேரத்தில் கிளாரினெட் குக்கூ போலக் கூவும்போதும் அதே இறக்கம்தான். (நம் குயில் படிப்படியாக மேலே ஏறிக் கூவும், ஐரோப்பியக் குக்கூ இரண்டு சுரத்தில் கீழே இறங்கும். நிஜக் குக்கூவின் இறக்கம் இன்னும் குறுகலானது. மாலர் தம் பறவையைத் தம் சிம்பொனிக்கு ஏற்ப அகலப்படுத்திக்கொண்டார்.) பிறகு செல்லோக்கள் முதன்முதலாக ஒரு முழுப் பாட்டைப் பாடத் தொடங்கும்போது, ஆதார சுரம் மாறியிருந்தாலும், அதன் முதல் அடியும் ச, ப. அது மாலர் முன்பே எழுதியிருந்த ஒரு தனிப்பாடலின் மெட்டு, காலையில் வயல்வெளியில் நடந்து போகிறவனின் பாட்டு.

இனி தூரத்துக்கு வருகிறேன். தொடக்கத்தின் நடுவில் ஓர் எக்காள முழக்கம் வருகிறது. முதலில் கிளாரினெட்டுகள் அதை மிக மெல்ல வாசிக்கின்றன. பிறகு டிரம்பெட்டுகள். அந்த டிரம்பெட்டுகள் மேடையில் இல்லை. மேடைக்கு வெளியே, மிகத் தொலைவில் நிற்க வேண்டும் என்று மாலர் எழுதியிருக்கிறார். அரங்கத்தில் இதற்காக வாசிப்பவர்கள் பின்கட்டு நடைவழியில் போய் நின்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதுவார்கள்.

இதில்தான் ஒலிப்பதிவின் தரம் வெளிப்படும். தூரம் என்பதும் மெலிவு என்பதும் வேறு வேறு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவ முகாமின் பிகிள் ஊதும்போது, எதிர்ச் சரிவில் இருக்கிறவருக்கு அது மிகச் சிறிய ஒலியாகத்தான் வரும். ஆனாலும் யாரோ பக்கத்து அறையில் மெல்ல ஊதுகிறார் என்று அவர் ஒருபோதும் எண்ணமாட்டார். முழு மூச்சில் ஓங்கி ஊதப்படும் பிகிள் அது, தொலைவில் இருக்கிறது என்று காது உடனே சொல்லிவிடும். எப்படி? பித்தளைக் குழலை ஓங்கி ஊதினால் மேற்சுரங்கள் பெருகி ஒலி கூர்மையாகும், மெல்ல ஊதினால் அவை அடங்கி ஒலி உருண்டையாகும். வந்து சேரும் அளவு சின்னதாக இருந்தாலும் ஓங்கி ஊதியதன் முறுக்கு அதில் மிச்சமிருக்கும். கூடவே, கடந்து வந்த காற்று உச்ச அதிர்வெண்களைக் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும், அதனால் விளிம்பு மழுங்கியிருக்கும். மூன்றாவது, நேராக வரும் ஒலியைவிடச் சுவரிலும் சரிவிலும் பட்டுத் திரும்பிய ஒலி அதிகமாக இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காது தூரத்தை அளக்கிறது. நாம் யோசிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

ஒலிப்பதிவாளர் டிரம்பெட்டுகளை மேடையிலேயே நிறுத்தி மெல்ல ஊத வைத்தால் இந்த மூன்றில் எதுவும் கிடைக்காது. கேட்பது பக்கத்தில் நின்று தயங்கித் தயங்கி ஊதுவது போல இருக்கும். உண்மையாகவே வெளியே நிறுத்திப் பதிவு செய்திருந்தால், ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவர் விலகி, அதற்கும் அப்பால் ஓர் இடம் திறக்கும். முதல் முறை இதைக் கேட்பவர்கள் எழுந்து போய்ச் சுவரைப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் திறப்பு உங்கள் வீட்டில் நிகழ்ந்தால் பதிவும் நல்லது, உங்கள் கருவியும் நல்லது. வேறு சோதனை தேவையில்லை.

இது வெறும் ஒலி வித்தை என்று எண்ணிவிடக் கூடாது. முதல் பகுதி முடியும் தறுவாயில், இசை வெகு நேரம் அடக்கி வைத்த மூச்சை விடும் இடம் ஒன்று வருகிறது. அங்கே அதே எக்காள முழக்கம், இப்போது மேடையில், முழு பலத்தோடு, நம் எதிரே வெடிக்கிறது. பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்தது வாசலுக்கு வந்துவிட்டது. தூரத்தைச் சரியாகப் பதிவு செய்யாத இசைத்தட்டில் இந்த வருகைக்குப் பொருளே இல்லை. முதலில் மெலிதாக ஒரு மெட்டு, பிறகு பலமாக அதே மெட்டு, அவ்வளவுதான் மிஞ்சும்.

இரண்டே ஸ்பீக்கரில் இந்த ஆழம் எப்படிக் கிடைக்கிறது? இடது காதுக்கும் வலது காதுக்கும் வரும் ஒலியில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பதிவு செய்தால் இடத்தையே பதிவு செய்யலாம் என்று கண்டவர் ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆர்கெஸ்ட்ராவுக்கு அது பரவலாகப் பயன்பட 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துப் பொறியாளர்கள் மூன்று மைக்குகளை 'டி' எழுத்து வடிவச் சட்டத்தில் பொருத்தி, நடத்துனரின் தலைக்கு மேலே தொங்கவிட்டார்கள். இன்றும் அதை 'டெக்கா மரம்' என்றே சொல்கிறார்கள். அந்த மூன்று மைக்குகளும் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்குபவை. ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கமும் அவற்றில் விழும். வயலின்கள் முன்னால், மரக்குழல்கள் நடுவில், டிம்பனி என்ற முரசுகள் பின்னால் என்ற வரிசையும் அப்படியே வரும். ஒவ்வொரு குழுவுக்கும் தனி மைக் வைத்து, பிறகு மேசையில் கலக்கும் முறையும் உண்டு. அதில் தெளிவு கூடும். என் காதுக்கு அந்தப் பதிவுகள் பல நேரம் தட்டையாகவே படுகின்றன. நூறு பேரும் ஒரே வரிசையில் நிற்பது போல இருக்கும்.

இந்த சிம்பொனிக்கு இரண்டு பழைய பதிவுகளைச் சொல்வேன். ஒன்று, நடத்துனர் ஜார்ஜ் ஷோல்ட்டி லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 1964இல் டெக்காவுக்குச் செய்தது. லண்டனின் கிங்ஸ்வே ஹாலில் எடுக்கப்பட்டது. அந்த அரங்கின் கீழே சுரங்க ரயில் ஓடியது. அங்கே எடுத்த பல பதிவுகளில், மிக மெல்லிய இடங்களில், அடியில் ஓர் உறுமல் கேட்கும். அதைக் குறையாக எண்ணி வருந்த வேண்டாம். அது கேட்கிறது என்றால் உங்கள் ஸ்பீக்கர் அந்த ஆழம் வரை இறங்குகிறது என்று பொருள். இன்னொன்று, நடத்துனர் ரஃபாயேல் குபெலிக் பவேரிய வானொலி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு 1967இல் மியூனிக்கில் டாய்ச் கிராமபோனுக்குச் செய்தது. குபெலிக் முதல் வயலின்களை இடப்பக்கமும் இரண்டாம் வயலின்களை வலப்பக்கமும் எதிரெதிரே உட்கார வைப்பவர். மாலர் காலத்து வழக்கமும் அதுவே. இரண்டு குழுவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இடங்களை ஸ்டீரியோவில் தெளிவாகப் பிரித்துக் கேட்கலாம். ஒலியின் பிரமாண்டத்துக்கு ஷோல்ட்டி, பாட்டின் இயல்பான நடைக்கு குபெலிக். ஒன்று மட்டும் என்றால் குபெலிக்கையே எடுப்பேன்.

கேட்கும் முறையில் முக்கியமானது வால்யூம். பெரும்பாலோர் தொடக்கத்தைப் போடுவார்கள், ஒன்றும் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றுவார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் நான்காம் பகுதி தொடங்கும்போது சிம்பலும் பெருமுரசும் சேர்ந்து அடிக்கும் அடியில் வீடே எழுந்து உட்காரும். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் நான்காம் பகுதியின் முதல் நிமிடத்தைப் போட்டு, உங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தாங்கும் உச்ச அளவில் வால்யூமை நிறுத்துங்கள். பிறகு சிம்பொனியின் தொடக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். இப்போது அந்த 'ஏ' இருக்கிறதா இல்லையா என்ற எல்லையில் ஒலிக்கும். அப்படியே விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் காது தானாகக் கூர்மையாகும். அதன் பிறகு குமிழியைத் தொடவே கூடாது. மெலிந்த இடத்தில் ஏற்றி, பலத்த இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தால் மாலர் எழுதியதை நாம் அழித்துக்கொண்டே போகிறோம்.

மென்மைக்கும் முழக்கத்துக்கும் இடையிலான இந்த வீச்சைத் தாங்குவதில் ஊடகங்களுக்குள் வேறுபாடு உண்டு. எல்.பி. இசைத்தட்டு சுமார் 60 முதல் 70 டெசிபல் வரை தாங்கும். 1982இல் வந்த சி.டி. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவில் 96 டெசிபல் வரை தாங்கும். ஆர்கெஸ்ட்ராவுக்கு அதுவே தாராளம். அதற்கும் மேலான எண்கள் போட்டு விற்கப்படும் கோப்புகளுக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒரு நல்ல ஜோடி ஸ்பீக்கருக்குச் செலவழியுங்கள். இணையச் சேவையில் கேட்பவர்கள் இழப்பில்லாத தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரம் தாழ்ந்த எம்.பி.3 கோப்பில் முதலில் அடிபடுவது சிம்பலின் மினுக்கும், அரங்கில் தேயும் ஒலியின் வாலும்தான். அமைப்புகளுக்குள் போய், எல்லாப் பாட்டையும் ஒரே பலத்துக்குக் கொண்டுவரும் வசதியையும், பாஸைத் தூக்கிக் காட்டும் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மூன்றாம் பகுதி அடங்கியதும் இடைவெளி விடாமல் நான்காம் பகுதி பாய வேண்டும். அங்கே செயலி இரண்டு விநாடி மௌனத்தைச் செருகினால் அந்த அதிர்ச்சி செத்துவிடும்.

இரண்டாம் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரியக் கிராமத்து நடனம், காலைத் தட்டிக் கேட்கலாம். செல்லோவும் டபுள் பாஸும் அடியில் போடும் தாளத்திலும் அந்த ச, ப இறக்கம் இருக்கும்.

மூன்றாம் பகுதிதான் புடாபெஸ்டில் கேட்டவர்களைக் குழப்பியது. ஒரு சவ ஊர்வலம். டிம்பனி இரண்டு சுரத்தை மாறி மாறி, மிக மெல்லத் தட்டுகிறது. மறுபடியும் ச, ப. அதன் மேல் ஒரே ஒரு டபுள் பாஸ், தன் இயல்புக்கு மேலான ஸ்தாயியில் ஏறி, ஐரோப்பாவில் ஒவ்வொரு குழந்தையும் பாடும் ஒரு மெட்டைச் சோகச் சாயலில் வாசிக்கிறது. அந்தப் பெரிய கருவிக்கு அந்த உயரம் சுலபமில்லை. வில்லின் உராய்வு கேட்க வேண்டும், சுரம் கொஞ்சம் கம்மியிருக்க வேண்டும். நல்ல பதிவில் அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கும். அதை வாசிப்பவர் பக்கத்தில் இல்லை, மேடையில் பின்னால் இருக்கிறார் என்பதும் தெரியும். பிறகு பஸ்ஸூன், செல்லோ, டியூபா என்று ஒவ்வொன்றாக அதே மெட்டைத் தாங்கி ஊர்வலத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஓபோ மட்டும் மேலே துள்ளலாக வேறொன்றை வாசிக்கிறது.

திடீரென்று ஒரு தெருவோர பேண்டு குறுக்கே வருகிறது. சாவு வீட்டின் நடுவே கொண்டாட்ட வாசிப்பு. இந்த இடத்தில் பெருமுரசையும் சிம்பலையும் ஒரே ஆள் அடிக்க வேண்டும், ஒரு சிம்பலை முரசின் மேலேயே கட்டிவிட வேண்டும் என்று மாலர் கேட்கிறார். மலிவான தெரு பேண்டுகளில் அப்படித்தான் அடிப்பார்கள். பதிவில் கூர்ந்து கேட்டால் தோலின் 'தும்'மும் தகட்டின் 'ஜிங்'கும் ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவது தெரியும். புடாபெஸ்ட் சபையினருக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. தமிழ்நாட்டில் பறை முழங்க, ஆட்டத்தோடு போகும் இறுதி ஊர்வலத்தைக் கண்டவர்களுக்கு இதில் புதிர் எதுவுமில்லை. நம் நீலகிரியிலேயே கோத்தர்கள் தங்கள் கொள் என்ற குழலில் வாசிக்கும் மெட்டுகளில் தெய்வத்துக்கு உரியவை தனி, சாவுக்கு உரியவை தனி. ஓபோவைப் போல அதுவும் இரட்டை நாக்கு வைத்து ஊதும் கருவி. படுகர், தோடர் வீட்டுச் சாவுகளுக்கும் அவர்கள் வாசித்து வந்தவர்கள். துக்கத்தைக் குழலும் முரசும் கொண்டு வெளியே எடுத்து வைப்பது இந்த மலைக்குப் பழக்கமான காரியம். மாலரின் இந்தப் பகுதியை நான் அறிமுகப்படுத்திய மலைக்காரர்கள் எவரும் விளக்கம் கேட்டதில்லை.

நான்காம் பகுதி சுமார் இருபது நிமிடம். முதல் அடியிலிருந்து சில நிமிடம் புயல். சாதாரணக் கருவியில் இந்த இடம் ஒரே இரைச்சலாகக் குழம்பிவிடும். பித்தளைக் கருவிகள் எல்லாவற்றையும் மூடிவிடும். நல்ல பதிவும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் இருந்தால், அந்த முழக்கத்துக்குள்ளேயே வயலின்கள் வெறிகொண்டு ஓடுவதைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். பலத்த இடத்தில் தெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் கடையில் யாரும் இதைப் போட்டுக் காட்டமாட்டார்கள், நீங்களே கேட்டுப் போடச் சொல்ல வேண்டும். புயல் ஓய்ந்ததும் வயலின்கள் நீண்ட பாட்டு ஒன்றைப் பாடுகின்றன. பிறகு மறுபடி போராட்டம், வெற்றி போல ஒன்று, அது நிலைக்காமல் போவது, முதல் பகுதியின் அந்தக் காலை நேரத்து ஒலிகள் நினைவாகத் திரும்புவது. கடைசி வெற்றியில் ஏழு ஹார்ன் கலைஞர்களும் எழுந்து நிற்க வேண்டும் என்று மாலர் எழுதியிருக்கிறார். பதிவில் அதைப் பார்க்க முடியாது. ஆனால் குழலின் வாய் மேலே தூக்கப்படும்போது ஒலி திறந்து அரங்கின் கூரை வரை போவது கேட்கும். அவர்கள் அங்கே ஊதுவதன் ஆணிவேரும் அந்த முதல் நிமிடத்து இறக்கமே.

அறையைப் பற்றி நம் ஊருக்கு ஏற்ற சில வார்த்தைகள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமைய வேண்டும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியாவது முன்னால் நகர்த்துங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தத் தூரத்து டிரம்பெட்டுக்குப் போக இடமில்லை. அறையின் நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று உலோகம் போல ஒலித்தால் எதிர்ச் சுவரில் திரைச்சீலையும் தரையில் கம்பளமும் வேண்டும். மரத்தளமும் கனத்த கம்பளிகளும் உள்ள பழைய மலைவீடுகளில் இந்தக் கவலை குறைவு. தகரக் கூரை வீடுகளில் தென்மேற்குப் பருவமழையின்போது இந்த முயற்சியே வேண்டாம், மழை மாலரை வென்றுவிடும். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையிலான உறைபனி இரவுகள் மிகப் பொருத்தமானவை. ஈரம் நம் பரம எதிரி: எல்.பி. தட்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள், ஆம்ப்ளிஃபையரை நாள்தோறும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள்.

ஹெட்போனில் கேட்கலாமா என்று கேட்பார்கள். கேட்கலாம், நுட்பங்கள் நன்றாகத் தெரியும். ஆனால் ஆர்கெஸ்ட்ரா தலைக்குள்ளே உட்கார்ந்துவிடும், எதிரே விரியாது. இந்த சிம்பொனிக்கு ஸ்பீக்கரே நியாயம் செய்யும்.

முதல் சில நாள் முழுவதையும் கேட்க வேண்டாம். தொடக்கத்திலிருந்து செல்லோவின் பாட்டு வரை மட்டும் கேளுங்கள். ஷோல்ட்டியில் ஒரு முறை, குபெலிக்கில் ஒரு முறை. டிரம்பெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று இரண்டிலும் பாருங்கள். முழு சிம்பொனியும் பழகிய பிறகு மாலரின் இரண்டாம் சிம்பொனிக்குப் போகலாம். 1895இல் பெர்லினில் அரங்கேறியது, சுமார் 80 முதல் 90 நிமிடம். அதன் கடைசிப் பகுதியில் ஹார்ன், டிரம்பெட், டிம்பனி, சிம்பல் என்று ஒரு குழுவையே மேடைக்கு வெளியே அனுப்பியிருக்கிறார், அத்தோடு ஆர்கனும் பெரிய பாடகர் குழுவும் சேர்கின்றன. அதற்கும் வால்யூமைக் கடைசிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.